அரைக்கும் கல்லை எடுக்கும் முன்: கப்பல் எஞ்சினின் எக்ஸாஸ்ட் வால்வைப் பராமரிப்பது எப்படி?

பெரிய டூ-ஸ்ட்ரோக் கப்பல் எஞ்சினில் சிலிண்டருக்கு ஒரே ஒரு எக்ஸாஸ்ட் வால்வுதான். சிலிண்டர் கவரின் நடுவில் நிற்கும் அந்த வால்வு ஒழுங்காக மூடவில்லை என்றால் அந்த சிலிண்டரில் அழுத்தம் நிற்காது, எரிபொருள் சரியாக எரியாது, அதற்கு மேலே இருக்கும் டர்போசார்ஜருக்கும் நிம்மதி இருக்காது. கப்பலில் சேர்ந்து முதன்முறையாக இந்த வேலையில் கை வைக்கப்போகும் ஜூனியர் என்ஜினியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

புதிதாக வருகிறவர்கள் எக்ஸாஸ்ட் வால்வு பராமரிப்பு என்றாலே கழற்றி அரைப்பது என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் கருத்து வேறு. இந்த வேலையில் பெரும்பகுதி பார்ப்பதும் அளப்பதும்தான். அரைப்பது கடைசி வேலை, பல நேரங்களில் அது தேவையே இல்லை. ஒவ்வொரு முறை கல் வைக்கும்போதும் ஸ்பிண்டிலின், அதாவது தண்டும் அடியில் உள்ள தட்டும் சேர்ந்த வால்வின் அசையும் பாகத்தின், ஆயுளில் ஒரு பகுதி தூளாகப் போகிறது, அது திரும்பி வராது.

முதலில், உள்ளே என்ன இருக்கிறது

1980களின் தொடக்கத்தில் சுல்சர் நிறுவனத்தின் ஆர்டிஏ எஞ்சின் வரிசை வந்த பிறகு, பெரிய டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே வழிக்கு வந்துவிட்டன. காற்று கீழே லைனரின் (சிலிண்டரின் உட்சுவர்க் குழாய்) துளைகள் வழியாக வரும், புகை மேலே இந்த ஒரு வால்வு வழியாக வெளியேறும். தயாரிப்பாளர் மேன் பி அண்ட் டபிள்யூ ஆனாலும் வின்ஜிடி ஆனாலும் அடிப்படை ஒன்றுதான்.

முக்கியமான பாகங்கள் நான்கு. வார்ப்பிரும்பில் செய்த ஹவுசிங். அதன் அடியில் பொருத்தப்பட்டிருக்கும் பாட்டம் பீஸ், வால்வு மூடும்போது உட்காரும் சீட் இருப்பது இதில்தான், இதற்குள் குளிர்விக்கும் நீர் ஓடும். நடுவே ஸ்பிண்டில். பல எஞ்சின்களில் இது நிமோனிக் 80ஏ என்ற நிக்கல் கலவையில் அடித்துச் செய்யப்பட்டிருக்கும், சிலவற்றில் எஃகுத் தண்டில் சீட் பகுதிக்கு மட்டும் கடினமான உலோகத்தை வெல்டிங் செய்து ஏற்றியிருப்பார்கள். நான்காவது, மேலே இருக்கும் இயக்கும் பகுதி. ஹைட்ராலிக் எண்ணெய் மேலிருந்து தள்ளி வால்வைத் திறக்கும், ஏர் ஸ்பிரிங் அதை மூடும். அதாவது இரும்புச் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில், ஒரு பிஸ்டனுக்கு அடியில் சுமார் 7 பார் அழுத்தத்தில் அடைக்கப்பட்ட காற்று.

ஸ்பிண்டில் தண்டில் சின்ன இறக்கைகள் இருப்பதைப் பார்ப்பீர்கள். புகை வெளியேறும்போது அவற்றில் பட்டு ஸ்பிண்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றும். சுழன்றால் வெப்பம் வட்டம் முழுக்கச் சமமாகப் பரவும், சீட்டில் ஒட்டும் படிவும் தேய்ந்து போகும். சுழலாத வால்வு சீக்கிரமே ஓரிடத்தில் எரிந்துவிடும். ஃபோர்-ஸ்ட்ரோக் ஜெனரேட்டர் எஞ்சின்களில் இதே வேலையைச் செய்வது ரோட்டோகேப் என்ற சுழற்றும் கருவி. இந்தக் கட்டுரை டூ-ஸ்ட்ரோக்கைப் பற்றியது, அதனால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

எது இதைக் கெடுக்கிறது

கனரக எரிபொருளில் வனேடியமும் சோடியமும் இருக்கும். ஐஎஸ்ஓ 8217 தரத்தின்படி ஆர்எம்ஜி 380 வகைக் கனரக எரிபொருளில் வனேடியம் கிலோவுக்கு 350 மில்லிகிராம் வரை, சோடியம் 100 மில்லிகிராம் வரை இருக்கலாம். எரிந்த பிறகு வனேடியம் பென்டாக்சைடாகிறது, இது ஏறத்தாழ 680 டிகிரி செல்சியஸில் உருகும். சோடியமும் சேர்ந்துகொண்டால் உண்டாகும் சேர்மங்களில் சில 550 டிகிரிக்குக் கீழேயே உருகிவிடும். சோடியம் ஒரு பங்கு, வனேடியம் மூன்று பங்கு என்ற அளவை ஒட்டி இருக்கும்போது தொல்லை மிக அதிகம். உருகிய சாம்பல் உலோகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு அதன் பாதுகாப்புப் படலத்தைக் கரைத்துவிடும். சீட்டுக்குள் தண்ணீர் ஓட்டுவதன் காரணம் இதுதான்: உருகும் வெப்பநிலைக்குக் கீழே சீட்டை வைத்திருப்பது.

எரிபொருளில் கடல்நீர் கலந்திருந்தால் சோடியம் ஏறும். அதைத் தண்ணீரோடு பிரித்தெடுப்பது பியூரிஃபையர், அதாவது எரிபொருளைச் சுழற்றிச் சுத்தம் செய்யும் இயந்திரம். ஆகவே எக்ஸாஸ்ட் வால்வு பராமரிப்பு பியூரிஃபையர் அறையிலேயே தொடங்கிவிடுகிறது என்று சொன்னால் மிகையில்லை. வனேடியம் அப்படி இல்லை. அது எண்ணெயிலேயே கரைந்திருக்கும், பியூரிஃபையருக்குச் சிக்காது.

இன்னொரு பக்கம், ஹவுசிங்கின் புகைப்பாதையில் நேர் எதிரான தொல்லை. அங்கே சுவர் அதிகம் குளிர்ந்தால் எரிபொருளின் கந்தகம் அமிலமாகப் படிந்து வார்ப்பிரும்பை அரிக்கும். ஜாக்கெட் நீரின், அதாவது சிலிண்டரைச் சுற்றி ஓடும் குளிர்நீரின், வெப்பநிலையை மேனுவல் சொல்லும் அளவில் பிடித்து வைக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

மூன்றாவது, கெட்டியான துகள்கள். சிலிண்டர் எண்ணெயை அளவுக்கு மேல் விட்டால் அதிலுள்ள கால்சியம் கல் போன்ற படிவாக மாறும். அது உடைந்து சீட்டுக்கு இடையில் மாட்டினால் சின்னச் சின்னக் குழிகள் விழும். இவற்றை டென்ட் மார்க் என்போம். இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தேவையில்லாத அரைப்பு பெரும்பாலும் இதைப் பார்த்துப் பயந்துதான் நடக்கிறது.

ஓடும்போதே கவனியுங்கள்

வாட்ச் பணியில் இருக்கும்போது ஒவ்வொரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வெப்பநிலையையும் சராசரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லா சிலிண்டரிலும் ஒன்றாக ஏறினால் வால்வைச் சந்தேகிக்க வேண்டாம். டர்போசார்ஜர், ஏர் கூலர், காற்று வடிகட்டி பக்கம் போங்கள். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் நாளுக்கு நாள் மெல்ல ஏறுகிறது என்றால், சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறி இறங்குவதைக் காட்டும் இண்டிகேட்டர் படம் எடுங்கள்.

அந்தப் படத்தை இப்படிப் படிக்க வேண்டும். கம்ப்ரஷன் அழுத்தம் சரியாக இருந்து உச்ச அழுத்தம் மட்டும் குறைந்து வெப்பநிலை ஏறியிருந்தால், முதலில் ஃபியூல் இன்ஜெக்டரையும் டைமிங்கையும் பாருங்கள். கம்ப்ரஷன் அழுத்தமே குறைந்திருந்தால் இரண்டு வாய்ப்புகள்: எக்ஸாஸ்ட் வால்வு கசிகிறது, அல்லது பிஸ்டன் ரிங் கசிகிறது. ரிங் என்றால் அந்த சிலிண்டருக்குக் கீழே ஸ்கேவெஞ்ச் இடத்தில் (எரிப்புக் காற்று சிலிண்டருக்குள் நுழையும் முன் நிற்கும் அறை) வெப்பமும் அழுக்கும் கூடும், ஸ்கேவெஞ்ச் துளை வழியாகப் பார்க்கும்போது உடைந்த, கறுத்த ரிங்குகள் கண்ணில் படும். ரிங்குகள் நன்றாக இருந்து கம்ப்ரஷன் மட்டும் இறங்கியிருந்தால் வால்வு மேல் சந்தேகம் உறுதியாகிறது. வால்வு தாமதமாக மூடினாலும் இதே அடையாளம்தான் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். கசிவு சீட்டில்தான் இருக்க வேண்டும் என்றில்லை, ஏர் ஸ்பிரிங் பலவீனமாகவும் இருக்கலாம்.

காதும் கையும் இங்கே நல்ல கருவிகள். வால்வு தட்டும் சத்தம் கேட்டால் ஹைட்ராலிக் எண்ணெயில் காற்று புகுந்திருக்கலாம், வால்வு மூடும் வேகத்தைத் தணிக்கும் டேம்பர் வேலை செய்யாமல் இருக்கலாம், ஏர் ஸ்பிரிங் அழுத்தம் இறங்கியிருக்கலாம். ஏர் ஸ்பிரிங் வடிகாலில் வரும் எண்ணெயின் அளவையும் தினமும் பாருங்கள். திடீரென்று கூடினால் மேலே ஏதோ ஒரு சீல் போய்விட்டது. பல எஞ்சின்களில் வால்வு திறந்து மூடுவதையும் சுழல்வதையும் காட்ட ஒரு சோதனைக் கம்பி இருக்கும், அதைப் பயன்படுத்தப் பழகுங்கள். எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டு எஞ்சின்களில் வால்வின் நகர்வைத் திரையிலேயே வளைகோடாகப் பார்க்கலாம். மற்ற சிலிண்டர்களின் கோட்டோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

திறப்பதற்கு முன்

மேனுவலில் சொன்ன ஓட்ட நேரம் முடிந்தாலோ, மேலே சொன்ன அடையாளங்கள் உறுதியானாலோ கழற்றலாம். இடைவெளி எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். பழைய எஞ்சின்களில் சில ஆயிரம் மணி நேரம்தான். நல்ல உலோகமும் நல்ல சீட் வடிவமைப்பும் வந்தபிறகு 16,000 மணி நேரமும் அதற்கு மேலும் ஓடுகின்றன. உங்கள் மேனுவலின் எண்ணும், போன முறை இதே வால்வைத் திறந்தபோது எழுதி வைத்த குறிப்பும் சேர்ந்துதான் முடிவு சொல்ல வேண்டும்.

துறைமுகத்தில் மெயின் எஞ்சினைச் செயலிழக்க வைக்கப் பெரும்பாலும் துறைமுக நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். சீஃப் என்ஜினியர் வாங்கிவிட்டாரா என்று செகண்ட் என்ஜினியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வேலை அனுமதிச் சீட்டு எழுதியாக வேண்டும். உதிரியாகப் பழுது பார்த்து வைத்த முழு வால்வு, புதிய ஓ-ரிங்குகள், கேஸ்கெட், ஹைட்ராலிக் ஜாக்குகள், தூக்கும் கருவிகள் எல்லாம் மேலே வந்து சேர்ந்த பிறகுதான் முதல் நட்டைத் தொட வேண்டும்.

பிறகு வரிசையாக: ஸ்டார்ட்டிங் ஏர் மூடிப் பூட்டு, எச்சரிக்கைப் பலகை. இண்டிகேட்டர் காக்குகள் (சிலிண்டரிலிருந்து வெளியே திறக்கும் சிறு குழாய் வால்வுகள்) எல்லாம் திறப்பு. டர்னிங் கியர் (நிற்கும் எஞ்சினை மெதுவாகச் சுழற்றும் மோட்டார் கியர்) இணைப்பு. ஃபியூல் அடைப்பு. அடுத்து வரும் இரண்டையும் மாற்றிச் செய்யவே கூடாது: முதலில் லூப் ஆயில் (மசகு எண்ணெய்) பம்பும் ஹைட்ராலிக் எண்ணெயும் நிற்க வேண்டும், அதன் பிறகுதான் ஏர் ஸ்பிரிங் காற்றை மூட வேண்டும். திரும்ப ஓட்டும்போது நேர் எதிர் வரிசை, முதலில் காற்று, பிறகு எண்ணெய். காற்று இல்லாமல் எண்ணெய் வந்தால் எதிர்ப்பு எதுவும் இல்லாததால் வால்வு வழக்கத்தைவிட அதிகமாகக் கீழே இறங்கிவிடும்.

அந்த சிலிண்டரின் குளிர்நீரைத் தனிமைப்படுத்தி வடித்துவிடுங்கள். வடிந்துவிட்டதா என்று வென்ட் திறந்து உறுதி செய்யுங்கள்.

கழற்றுதல்

இன்சுலேஷன், ஹைட்ராலிக் உயர் அழுத்தக் குழாய், காற்றுக் குழாய், நீர் வெளியேறும் குழாய், எக்ஸாஸ்ட் பெல்லோஸ் (புகைக்குழாயை இணைக்கும் நெகிழும் மடிப்புக் குழாய்) பக்கத்து போல்ட்டுகள். இதில் சிக்கல் ஒன்றும் இல்லை. திறந்த குழாய் வாய்களை மட்டும் உடனே மூடிவிடுங்கள். ஹைட்ராலிக் குழாய்க்குள் ஒரு துணி இழை போனாலும் பின்னால் தலைவலி.

ஹவுசிங்கைப் பிடித்திருக்கும் ஸ்டட்களின் நட்டுகளைத் தளர்த்த ஹைட்ராலிக் ஜாக். ஜாக்கை முட்டும் வரை இறக்கிய பின், மேனுவல் சொல்லும் அளவு திரும்பவும் சற்றே பின்னால் சுழற்ற வேண்டும். காரணம் இது: அழுத்தம் ஏற்றும்போது ஸ்டட் நீளும், நட்டைத் தளர்த்திவிட்டு அழுத்தத்தை இறக்கும்போது அது பழைய நீளத்துக்குச் சுருங்கும். அந்த இடைவெளி விடவில்லை என்றால் சுருங்கும் ஸ்டட் ஜாக்கை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், எடுக்கவே முடியாது. அழுத்தம் பழைய எஞ்சின்களில் 900 பார் அளவிலும் புதியவற்றில் 1500 பார் வரையிலும் போகும். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். அழுத்தம் இருக்கும்போது ஜாக்குக்கு நேர் மேலே தலையை நீட்டாதீர்கள். இணைப்புக் குழாயில் கசிவு தெரிந்தால் கையால் தடவிப் பார்க்கவே வேண்டாம், எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

தூக்குவது கிரேன் வேலை. சிறிய எஞ்சினில் சில நூறு கிலோ, பெரிய சிலிண்டர் விட்டம் கொண்ட எஞ்சினில் ஒரு டன்னுக்கு மேல். கொக்கி வால்வுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். சாய்வாக இழுத்தால் கவரில் இருக்கும் பொருத்துமுகம் கீறும். பாட்டம் பீஸும் கூடவே வருகிறதா என்று பாருங்கள். சில நேரம் அது கவரிலேயே ஒட்டிக்கொள்ளும், சில நேரம் பாதி உயரத்தில் கழன்று விழும்.

வால்வு வெளியே வந்ததும் துளையை உடனே பலகையால் மூடுங்கள். அதற்குக் கீழே பிஸ்டன் இருக்கிறது. குனிந்து பார்ப்பவர் சட்டைப் பையில் பேனா, டார்ச், நட்டு எதுவும் இருக்கக் கூடாது.

பெஞ்சில்: கழுவும் முன் பாருங்கள்

கொண்டுவந்த வேகத்தில் கம்பி பிரஷ்ஷை எடுக்காதீர்கள். அழுக்கோடு இருக்கும் வால்வில்தான் தகவல் இருக்கிறது. படிவின் நிறம், தடிப்பு, எந்தப் பக்கம் கூடுதல், சீட்டில் புகைத்தடம் எங்கே போகிறது என்று புகைப்படம் எடுத்து வையுங்கள். படிவு ஒரு பக்கம் மட்டும் தடித்திருந்தால் வால்வு சுழலவில்லை. தண்டு எண்ணெயில் நனைந்து கறுத்திருந்தால் மேலே சீல் கசிந்திருக்கிறது. தண்டு வறண்டு கோடு விழுந்திருந்தால் தண்டைச் சுற்றிப் புகை ஏறாமல் தடுக்கும் சீலிங் ஏர் அல்லது சீலிங் எண்ணெய் போதவில்லை.

பிறகு பிரித்துக் கழுவுங்கள். ஏர் ஸ்பிரிங்கில் மிச்சக் காற்று இல்லை என்று உறுதியான பின்தான் மேல் பாகத்தைத் திறக்க வேண்டும். ஏர் பிஸ்டனைப் பிடித்திருக்கும் இரண்டு துண்டு கூம்பு வளையத்தை ஜோடியாகவே வைத்திருங்கள், வேறு வால்வின் துண்டோடு கலக்கக் கூடாது.

இனி அளவுகள். ஸ்பிண்டில் தட்டின் அடிப்பக்கம் எரிபொருள் சுடர் படும் இடம். அதில் எவ்வளவு உலோகம் எரிந்து போயிருக்கிறது என்று டெம்ப்ளேட்டை வைத்து ஃபீலர் கேஜால் பல புள்ளிகளில் அளந்து எழுதுங்கள். சீட் முகத்தில் இதற்கு முன் எவ்வளவு அரைத்திருக்கிறார்கள் என்பதற்கும் டெம்ப்ளேட் உண்டு. தண்டின் விட்டம், கைடு புஷ்ஷின் உள்விட்டம், இரண்டுக்கும் இடைவெளி. ஹவுசிங்கின் புகைப்பாதையில் சுவர்த் தடிப்பு. பாட்டம் பீஸ் கவரில் உட்காரும் வெளிமுகத்தில் அரிப்பு இருக்கிறதா, நீர்த் துளைகளில் செதில் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் சீட் ஏன் எரிந்தது என்பதற்கான விடை அங்கேயே இருக்கிறது, குளிர்நீரின் ரசாயனப் பரிசோதனைப் புத்தகத்தைப் புரட்டுங்கள். தண்டும் தட்டும் சேரும் வளைவில் விரிசல் இருக்கிறதா என்று சாய ஊடுருவல் சோதனை செய்வது நல்லது. அங்கே விரிசல் இருந்தால் அந்த ஸ்பிண்டில் திரும்ப எஞ்சினுக்குள் போகக் கூடாது. தட்டு உடைந்து விழுந்தால் பிஸ்டன், லைனர், டர்போசார்ஜர் எல்லாம் சேர்ந்து போகும்.

அடுத்து சீட். இங்கே நிதானம் வேண்டும். டென்ட் மார்க்குகள் தனித்தனிப் புள்ளிகளாக, ஒன்றோடொன்று சேராமல் இருந்தால் அது ஓடிய வால்வின் இயல்பான முகம். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் மூடும். பயப்பட வேண்டியது ஒரே ஒரு காட்சிக்கு: சீட்டின் உள் ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை குறுக்கே ஓடும் தடம். அதாவது புகை பீறிட்டுப் போன வழி, ப்ளோ-பை. அது தொடங்கிவிட்டால் தானாக நிற்காது, ஒவ்வொரு சுழற்சியிலும் ஆழமாகும். அது இருந்தால் அரைக்க வேண்டும். அது இல்லாமல் வெறும் குழிகள் மட்டும் என்றால் சுத்தம் செய்து, அளவை எழுதி, திரும்பப் போடுங்கள். செகண்ட் என்ஜினியர் பளபளப்பான சீட் கேட்டாலும் மேனுவலின் பக்கத்தைக் காட்டி மரியாதையாகச் சொல்லலாம், தவறில்லை.

அரைப்பது

ஸ்பிண்டிலையும் பாட்டம் பீஸையும் தனித்தனியாக, அதற்கான அரவை இயந்திரத்தில்தான் அரைக்க வேண்டும். இரண்டின் கோணங்களும் வேண்டுமென்றே சற்று வேறுபட்டவை. குளிர்ந்திருக்கும்போது மேனுவல் சொல்லும் ஓரத்தில் மட்டும் தொடும். சூடாகி, அழுத்தத்தில் தட்டு வளையும்போது முகம் முழுதும் பொருந்தும். பேஸ்ட் தடவி இரண்டையும் ஒன்றோடொன்று வைத்துக் கையால் தேய்த்தால் அந்த வித்தியாசம் அழிந்துவிடும்.

இயந்திரத்தில் ஏற்றியதும் முதலில் டயல் கேஜ் வைத்து மையம் சரியா என்று பாருங்கள். மையம் தப்பினால் ஒரு பக்கம் நிறைய உலோகம் போகும், மறுபக்கம் கல்லே படாது. கல்லைச் சீர் செய்து, மெல்லிய வெட்டுகளாகப் போங்கள். தடம் மறைந்ததும் நிறுத்துங்கள். கடைசிக் குழி மறையும் வரை அரைக்க வேண்டிய அவசியம் இல்லை. அரைத்த பின் டெம்ப்ளேட்டால் மறுபடி அளந்து, எல்லையைத் தாண்டியிருந்தால் அதைக் கரைக்கு அனுப்பி மறுசீரமைக்க வேண்டும். எல்லையைத் தாண்டிய ஸ்பிண்டிலை "இந்த ஒரு பயணம் மட்டும்" என்று போடுவது ஆபத்தானது.

கோர்ப்பதும் ஏற்றுவதும்

எல்லா ஓ-ரிங்கும் சீலும் புதிது, எண்ணெய் தடவி. பழைய ரிங் நன்றாகத் தெரிந்தாலும் வேண்டாம். கோர்த்து முடித்ததும் பெஞ்சிலேயே காற்று கொடுத்து வால்வை மூடுங்கள். காற்றை அடைத்துவிட்டு மேனுவல் சொல்லும் நேரம் காத்திருங்கள். ஸ்பிண்டில் தானாக இறங்கினால் ஏதோ ஒரு சீல் கசிகிறது. அதை இங்கேயே கண்டுபிடித்தால் அரை மணி நேர வேலை, எஞ்சினில் ஏற்றிய பிறகு என்றால் அரை நாள்.

கவரின் பொருத்துமுகத்தைச் சுத்தம் செய்து, புகை கசிந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கான கருவியால் அந்த முகத்தைச் சீர் செய்யாமல் வால்வை இறக்காதீர்கள். இறக்கிய பின் ஸ்டட் புரிகளைச் சுத்தம் செய்து, நட்டுகளைக் கையால் உட்கார வைத்து, ஜாக்குகளால் மேனுவலின் அழுத்தத்துக்கு இறுக்குங்கள். எஞ்சினோடு வந்த ஜாக் தொகுதி எல்லா ஸ்டட்டையும் ஒரே நேரத்தில் இழுக்கும் என்றால் அப்படியே செய்யுங்கள். இல்லையென்றால் எதிரெதிராக, படிப்படியாக.

தண்ணீரை மெதுவாக நிரப்பி வென்ட் வழியாகக் காற்றை வெளியேற்றுங்கள். அப்புறம் ஏர் ஸ்பிரிங் காற்று, அதற்குப் பின் எண்ணெய் பம்ப். ஹைட்ராலிக் குழாயில் காற்று எடுத்துவிடுங்கள். இண்டிகேட்டர் காக்குகள் திறந்திருக்கட்டும், டர்னிங் கியரில் ஒரு சுற்று முழுக்கச் சுழற்றி, காக்கில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். ஒரு துளி வந்தாலும் நிறுத்திக் காரணம் தேட வேண்டும்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அந்த வால்வின் பக்கத்திலேயே நில்லுங்கள். தட்டும் சத்தம், நீர்க் கசிவு, பெல்லோஸ் இணைப்பில் புகை, சோதனைக் கம்பியின் அசைவு, சுழற்சி. லோடு ஏறி நிலைத்த பின் இண்டிகேட்டர் படம் எடுத்து, கழற்றும் முன் எடுத்த படத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கம்ப்ரஷன் அழுத்தம் மற்ற சிலிண்டர்களோடு சேர்ந்து நின்றால் வேலை சரி.

கழற்றிய வால்வின் மேல் ஒரு அட்டை கட்டுங்கள். எந்த சிலிண்டர், எத்தனை மணி நேரம் ஓடியது, எரிந்த அளவு, சீட்டின் நிலை, அரைத்ததா இல்லையா, அரைத்திருந்தால் எவ்வளவு மிச்சம் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பராமரிப்புப் பதிவேட்டிலும் இதையே, புகைப்படங்களோடு சேர்த்து, ஸ்பிண்டிலின் வரிசை எண்ணைப் போட்டு எழுதுங்கள். சிலிண்டர் எண்ணை மட்டும் எழுதினால் போதாது, ஸ்பிண்டில் அடுத்த முறை வேறு சிலிண்டருக்குப் போய்விடும்.